சென்னையில் ஒட்டியது, ஊட்டியில் உரிந்தது: வறண்ட சருமத்து மணப்பெண்ணின் இரண்டு மேக்கப், ஒரு நிகழ்வு ஆய்வு

வரவேற்பு மேடையில் ஏறி ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மணப்பெண்ணின் அம்மா, மேக்கப் போட்ட என்னைத் தேடிக்கொண்டு பந்திக்கே வந்துவிட்டார். "மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. மூக்கு ஓரத்துல வெள்ளை வெள்ளையா நிக்குது. போட்டோக்காரர் வேற ரெண்டு தடவை சொல்லிட்டாருங்க." பாதி சாப்பாட்டை இலையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மூக்கின் இரு பக்கமும், வாயோரங்களிலும், மோவாயிலும் ஃபவுண்டேஷன் (முகத்தை ஒரே நிறமாகக் காட்டப் பூசும் பூச்சு) தோலோடு சேர்ந்து செதில் செதிலாக எழும்பியிருந்தது. சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் பொருக்கு எழும்புமே, அப்படி. நெற்றியும் கன்னத்தின் மேல்பக்கமும் மட்டும் தப்பித்திருந்தன. கை தன்னிச்சையாகப் பவுடர் பஃப்பைத் தேடியது. எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். அந்த இடத்தில் பவுடர் பட்டால் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். விரல் நுனியில் துளி லிப் பாம் எடுத்து, சூடு ஏறும்வரை தேய்த்து, செதில் எழும்பிய இடங்களில் ஒற்றினேன். மேடையை விட்டு இறங்கும்வரை தாக்குப்பிடித்தது.

மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். 3 மணிக்கு நான் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அந்த ஓர் இரவில் என்ன தெரிந்தது, எதை மாற்றினேன், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். தப்பு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரிகிற விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

வயது 27. சென்னையில் கணினி நிறுவன வேலை, நாள் முழுக்க ஏசி அறை. மாநிறம், அதில் மஞ்சள் சாயல். சொந்த ஊர் ஊட்டி. கல்யாணமும் அங்கேதான், தை மாதத்தில். ட்ரையலை, அதாவது ஒத்திகை மேக்கப்பை, ஐப்பசிக் கடைசியில் சென்னையில் வைத்துக்கொண்டோம். அடைமழை வாரம். ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்து முத்தாக நின்றது நினைவிருக்கிறது.

"உனக்கு என்ன ஸ்கின்மா?"

"ஆயிலிக்கா. ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள மூஞ்சி வழியும்."

அதை அப்படியே குறித்துக்கொண்டேன். இந்த வரியில்தான் எல்லாம் தடம் மாறியது.

ஆயிலி என்றால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஜெல் மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷனுக்கு அடியில் துளைகளை அடைக்கும் சிலிக்கான் ப்ரைமர், நெடுநேரம் நிற்கும், மினுங்காத மேட் ஃபவுண்டேஷன், மேலே லூஸ் பவுடர், கடைசியில் மேக்கப்பை நிலைநிறுத்தும் செட்டிங் ஸ்ப்ரே. அட்டகாசமாக வந்தது. 5 மணி நேரம் கழித்து அவள் அனுப்பிய செல்ஃபியில்கூட ஒரு கோடு விழவில்லை. பயன்படுத்தியதையெல்லாம் வரிசையாக நோட்டில் எழுதி, பக்கத்தில் டிக் போட்டு மூடி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வரவேற்பு அன்று ஊட்டி போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. தலை அலங்காரம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, முகத்தை நிதானமாகப் பார்க்காமல் நோட்டைப் பார்த்து வேலை செய்தேன். அதே முகம், அதே டப்பாக்கள், அதே வரிசை. மாறியிருந்தது ஊரும் காற்றும், இடையில் அந்தத் தோலுக்கு நடந்தவையும்.

வியர்வை எண்ணெய் ஆகாது

வரவேற்பு முடிந்து 9 மணிக்கு மேல் அறைக்கு வந்தோம். முதல் வேலை மேக்கப்பைக் கலைப்பது. ஈர வைப்ஸ் பாக்கெட்டைத் தோழி ஒருத்தி நீட்டினாள், வேண்டாம் என்றேன். அதில் இருக்கும் சோப்புச் சரக்கு பாதி முகத்திலேயே தங்கிவிடும். செதில் எழும்பிய தோலில் துணி உரசுவதும் கூடாது. எண்ணெய்ப் பசையான க்ளென்சிங் பாமைக் கையில் உருக்கித் தடவி, ஃபவுண்டேஷன் தானாக இளகி வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினோம். பிறகு அரை மணி நேரம் முகத்தில் எதுவும் போடவில்லை.

அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் காதோரத்தில் பக்கவாட்டாகப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத செதில்கள் பக்க வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். சாலையில் கிடக்கும் சின்னக் கல்லுக்குக்கூட சாயங்கால வெயிலில் நிழல் விழுகிற மாதிரிதான். மூக்கோரம், வாயோரம், மோவாய்க் குழி, புருவங்களுக்கு நடுவே. மேடையில் உரிந்த அதே இடங்கள்.

டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய் என்று தனித்தனியாக அழுத்தி எடுத்தேன். உண்மையில் எண்ணெய்ச் சருமமாக இருந்தால், வடை மடித்த காகிதம்போல அங்கங்கே ஊடுருவித் தெரியும் கறை விழ வேண்டும். மூக்கில் மட்டும் லேசாக விழுந்தது. மற்ற மூன்றும் சுத்தமான வெள்ளை.

"சென்னையில வழியுதுன்னு சொன்னியேம்மா?"

"வழியும்க்கா. கர்சீஃப் வெச்சுத் தொடச்சா நனஞ்சிடும்."

நனைந்தது என்றால் அது வியர்வை. காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை விடாது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் உலராமல் முகத்திலேயே நிற்கிறது, மினுங்குகிறது. அதைப் பார்த்துத் தன்னை ஆயிலி என்று முடிவுகட்டி, எண்ணெய் நீக்கும் ஃபேஸ் வாஷால் தினமும் மூன்று முறை கழுவிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்ப் பெண்களில் பலர் இப்படித்தான் வறண்ட சருமத்தை எண்ணெய்ச் சருமம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் அனுபவம். மேக்கப் போடுகிற எங்களில் பலரும் அதைக் கேட்டு அப்படியே நம்புகிறோம். நானும் நம்பினேன்.

கல்யாணத்துக்கு முன் என்ன நடந்தது

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு குறைந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகும். செங்கற்கள் ஒழுங்காக உதிராமல் கொத்துக் கொத்தாக விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். செதில் என்பது அதுதான். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த ஃபவுண்டேஷனைப் பூசினாலும், அது சுவரில் ஒட்டுவதில்லை, பொருக்கில்தான் ஒட்டுகிறது. பொருக்கு விழும்போது கூடவே விழுகிறது.

இவளுக்கு அந்தப் பூச்சு எப்படிக் குறைந்தது என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

பருவுக்கென்று ஒன்றரை மாதமாக இரவில் ரெட்டினால் சீரம் போட்டிருக்கிறாள். ட்ரையலின்போது அது இல்லை. ரெட்டினால் தோலின் செல்கள் புதுப்படும் வேகத்தைக் கூட்டும். முதல் சில வாரங்களில் தோல் உரிவது சகஜம். அதுவும் மூக்கோர மடிப்பிலும் வாயோரத்திலும் சீரம் தேங்குவதால் அங்கேதான் அதிகம் உரியும். மேடையில் உரிந்த இடங்களின் வரைபடம் ஏறக்குறைய இதைத்தான் காட்டியது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு ஒரு பார்லரில் பிளீச்சும் ஃபேஷியலும் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே ரெட்டினாலால் மெலிந்திருந்த தோலில் பிளீச். அன்று ராத்திரி எரிந்ததாம்; "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது நலங்கு. இரண்டு நாள் காலையிலும் மஞ்சளும் பயத்தம் மாவும் கலந்து பூசி, காய்ந்த பிறகு தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். நலங்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் மாவு எண்ணெயை உறிஞ்சும். முகத்தில் காய்ந்து இறுகிய மாவைத் தேய்த்து எடுப்பது வறண்ட தோலுக்குச் சாணைக்கல் மாதிரி. முன்பெல்லாம் நலங்கு மாவு பூசுவதற்கு முன் நல்லெண்ணெய் வைப்பார்கள். எண்ணெய் வழிந்து புடவை பாழாகும், வீடியோவில் நன்றாக இருக்காது என்று இப்போது பல வீடுகளில் அது மூன்று சொட்டுச் சடங்காகிவிட்டது.

மஞ்சளால் இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்தில் மட்டும் சாயம் ஏறிவிடுகிறது, கழுத்துக்குக் கீழே ஏறுவதில்லை. முகத்தைப் பார்த்து ஃபவுண்டேஷன் நிறம் தேர்ந்தால், மாலை போட்ட பிறகு முகம் ஒரு நிறமும் மார்பு ஒரு நிறமுமாகத் தெரியும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் க்ளென்சிங் பாம் அன்று இரவு இன்னொரு உபகாரமும் செய்தது. துடைத்த பஞ்சு மஞ்சளாக வந்தது.

கடைசியாக ஊர். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தை மாத இரவில் புல்வெளியில் உறைபனி விழும் இடம். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 5 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றையே எடுத்து, அறைக்குள் ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஹீட்டர் தண்ணீர் எதையும் எடுத்துவிடுவதில்லை. சூடான காற்றின் தாகம் கூடிவிடுகிறது. அந்தத் தாகத்துக்கு அகப்பட்டது பெண்ணின் முகம். மணப்பெண் அறையில் ஹீட்டர் இரண்டு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் வேறு.

ஆக, ட்ரையல் அன்று ஜெல் மாய்ஸ்சரைசர் ஏன் போதுமாக இருந்தது என்பதும் புரிந்தது. அதில் இருந்த கிளிசரினும் ஹயலூரானிக் அமிலமும் நீரைப் பிடித்து வைக்கும் சரக்கு. சென்னையில் அந்த நீர் ஓடிப்போகவில்லை. ஊட்டியில் மேலே கொழுப்பு மூடி இல்லாததால் பிடித்த நீரும் ஆவியாகிவிட்டது. குடம் இருந்தது, மூடி இல்லை.

ப்ரைமர் என்ற ஒரே பெயரில்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் ப்ரைமர் என்று விற்பது ஒரே சாமான் அல்ல.

ஒரு வகை சிலிக்கான். பின்பக்கப் பட்டியலில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற பெயர்கள் முதலில் வரும். விரலில் எடுத்தால் வெல்வெட் மாதிரி வழுக்கும். பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்ப்பார்களே, அந்த வேலையை இது செய்கிறது: குழியை நிரப்பி மேற்பரப்பைச் சமன்படுத்தும். துளை பெரிதாகத் தெரியும் எண்ணெய்ச் சருமத்துக்கு அருமை. பொருக்கு எழும்பிய சுவரில் எந்தப் பெயிண்டரும் சுரண்டாமல் பட்டி பார்க்க மாட்டார். நான் பார்த்தேன். பட்டி செதிலுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிட்டது.

இன்னொரு வகை நீர், கிளிசரின் சார்ந்தது. பூசிய சில நிமிடங்களில் லேசாகப் பிசுக்கென்று ஒட்டும். அந்தப் பிசுக்குதான் அதன் வேலை, ஃபவுண்டேஷனைப் பிடித்துக்கொள்ளும். வறண்ட சருமத்துக்கு இதுதான் தோது. மூன்றாவதாக, எண்ணெயும் மினுமினுப்பும் கலந்த க்ரீம் வகை. அதைப் பெரும்பாலும் நல்ல மாய்ஸ்சரைசர் என்றே சொல்லிவிடலாம்; பெயருக்காகக் கூடுதல் விலை.

"சிலிக்கான் ப்ரைமருக்கு சிலிக்கான் ஃபவுண்டேஷன், தண்ணீருக்குத் தண்ணீர்" என்று ஒரு விதி எங்கள் தொழிலில் புழங்குகிறது. பாதி உண்மை. பட்டியலில் தண்ணீர் முதலில் இருப்பதைப் பார்த்து நீர் சார்ந்தது என்று நாம் நினைக்கும் ஃபவுண்டேஷன்களில் பல, உண்மையில் சிலிக்கானுக்குள் தண்ணீர்த் துளிகள் கலந்த குழம்பு. முதல் ஐந்து பெயர்களைப் படித்தால் தெரியும். எனக்கு அதைவிட நம்பிக்கையான வழி ஒன்று உண்டு: புறங்கையில் ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒரு சொட்டு ஒரு சொட்டு கலந்து மூன்று நிமிடம் விட்டுவிடுவது. திரிந்த பால் மாதிரி பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

முகப்பூச்சுக்கு எண்ணெய் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. கூத்துக் கலைஞர்கள் அரிதாரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத்தான் முகத்தில் ஏற்றுகிறார்கள். விடிய விடிய ஆடியும் அது செதிலாக உதிராது. அவர்கள் முகம் வறண்டிருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, அதற்கு அவசியமும் இருந்ததில்லை.

இரவில் நான்கு சதுரங்கள்

பெட்டியில் மேட் ஃபவுண்டேஷன் தவிர லேசாக மினுங்கும் சாட்டின் பூச்சு வரும் ஃபவுண்டேஷன் ஒன்றும் இருந்தது. மேட் வகைகளில் எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கா, களிமண், மாவுச்சத்துப் பொடிகள் அதிகம் இருக்கும். நெடுநேரம் நிற்பவற்றில், பூசியதும் ஆவியாகும் திரவமும் அது போன பின் இறுகும் படலமும் இருக்கும். இறுகிய படலம் அசையாது. சிரிக்கும்போது தோல் அசையும். வறண்ட தோலில் வெடிப்பு அங்கேதான் விழுகிறது. சாட்டின் வகை முழுக்க இறுகாமல் கொஞ்சம் நெகிழ்வாக நிற்கும். அதற்கு ஈடாக, தொட்டால் ஒட்டும்.

குறைந்துபோன கொழுப்புப் பூச்சை ஈடுகட்டும் செராமைடு க்ரீமை முகம் முழுக்கப் பூசி 10 நிமிடம் காத்திருந்தேன். பிறகு வாய்க்குக் கீழும் தாடையோரத்திலும் இரண்டு விரல் அகலத்தில் நான்கு சதுரம். இடப்பக்கம் மேலே பழைய சிலிக்கான் ப்ரைமரும் பழைய மேட்டும். அதற்குக் கீழே சிலிக்கான் ப்ரைமரும் சாட்டினும். வலப்பக்கம் மேலே ப்ரைமரே இல்லாமல் சாட்டின் மட்டும்; கீழே கிளிசரின் ப்ரைமரும் சாட்டினும். அத்தை மகள்களோடு அவளைப் பேசவிட்டேன். மாப்பிள்ளையை வைத்து நடந்த கேலியில் முக்கால் மணி நேரம் நன்றாகவே சிரித்தாள். சோதனைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

முதல் சதுரம், மேடையில் இருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் சிரிப்புக் கோட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தது. இரண்டாவது, தொட்டதும் ரப்பர் அழித்த துகள் மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டது. மூன்றாவது பார்க்க நன்றாக இருந்தது. டிஷ்யூ வைத்து அழுத்தியதும் பாதி டிஷ்யூவில் வந்துவிட்டது. நான்காவது நின்றது.

முதல் சதுரம்தான் என்னை யோசிக்க வைத்தது. பழைய ப்ரைமர், பழைய ஃபவுண்டேஷன், க்ரீம் மட்டும் புதிது. அது ஒன்று மாறியதுமே முக்கால்வாசிப் பிரச்சினை போய்விட்டது. ஃபவுண்டேஷன் தேர்வு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அடியில் போடும் க்ரீம் அதைவிடப் பெரிய முடிவு என்பதை ஒரு சின்னச் சதுரம் காட்டிவிட்டது.

அம்மா அரிசி மாவும் சர்க்கரையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். "லேசா தேச்சு விட்டா அந்தத் தோலெல்லாம் போயிடுமுங்களே?" போகும். கூடவே நல்ல தோலும் போகும், காலையில் அந்த இடம் பச்சைப் புண்ணாக எரியும் என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். சீரம் கிடையாது, சோப்பு கிடையாது. சதுரங்களை பாம் கொண்டு துடைத்துவிட்டு மறுபடி க்ரீம். செதில் எழும்பிய இடங்களில் மட்டும் அதன் மேல் மெல்லியதாக வாசலின். ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு கம்பளி கேட்டு வாங்கினோம். 11 மணிக்கு விளக்கை அணைத்தேன்.

காலை 3 மணி

முகத்தில் இறுக்கம் தணிந்திருந்தது. செதில் குறைந்திருந்தது, மறையவில்லை. வாசலின் மிச்சம் இருந்தால் மேலே எதுவும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை ஒரு நிமிடம் மூக்கோரத்தில் வைத்தேன். ஊறிய செதில்கள் துணியை ஒரே திசையில் மெதுவாக உருட்டியபோது அவையாகவே வந்தன. வராததை விட்டுவிட்டேன்.

முகம் ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் உள்ள சீரம், அது காய்வதற்குள் செராமைடு க்ரீம். பிறகு 15 நிமிடம் முகத்தைத் தொடவே இல்லை. அந்த நேரத்தில் கொண்டை வேலை நடந்தது. காலைப் பரபரப்பில் எல்லோரும் சுருக்கிவிடுகிற நேரம் இந்தப் பதினைந்து நிமிடம்தான். க்ரீம் உள்ளே இறங்காமல் ப்ரைமர் பூசினால் இரண்டும் கலந்து வழுக்கும், பழி ஃபவுண்டேஷன் மேல் விழும். கடைசியில் டிஷ்யூவை விரித்து ஒரே ஒரு முறை ஒற்றி, மேலே மிதந்த எண்ணெயை எடுத்தேன்.

கிளிசரின் ப்ரைமர் பச்சைப்பட்டாணி அளவு, உள்ளங்கையில் பரப்பி முகத்தில் அழுத்தி எடுத்தேன், தேய்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பிசுக்கு வந்தது. நிறத்தை இந்த முறை முகத்தோடு பார்க்காமல் கழுத்தோடும் காறை எலும்போடும் வைத்துப் பார்த்தேன். தாடையோரத்தில் பூசி 10 நிமிடம் விட்டும் பார்த்தேன், ஏனென்றால் சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். ட்ரையலில் தேர்ந்ததைவிட அரைப் படி மஞ்சள் குறைந்த நிறம் பொருந்தியது.

சாட்டின் ஃபவுண்டேஷன் முகம் முழுக்க ஒன்றரை பம்ப்தான். வரவேற்புக்கு நான் போட்டது மூன்று. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிறகு துண்டில் சுற்றி இன்னொரு முறை பிழிந்தேன். ஈரம் சொட்டினால் ஃபவுண்டேஷன் நீர்த்துத் திட்டாகும், காய்ந்திருந்தால் உறிஞ்சிவிடும். பிரஷ்ஷை இந்த மாதிரித் தோலில் தொடுவதில்லை, இழுக்கும்போது செதிலைத் தூக்கிவிடும். நடுக்கன்னத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போய், மூக்கோரத்துக்கும் வாயோரத்துக்கும் ஸ்பாஞ்சில் மிச்சம் ஒட்டியிருந்ததை மட்டும் கொடுத்தேன். உரியும் இடத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக உரியும். பருத் தழும்பு இரண்டுக்கு மட்டும் கன்சீலர் புள்ளி வைத்தேன்.

பவுடர் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மட்டும். கண்ணுக்குக் கீழே போடவில்லை. நெற்றிச்சுட்டியும் ஓமகுண்டச் சூடும் இல்லாவிட்டால் நெற்றிக்கும் போட்டிருக்க மாட்டேன். ஆல்கஹால் முதலில் வரும் செட்டிங் ஸ்ப்ரேயை மூட்டை கட்டிவிட்டு, கிளிசரின் உள்ள ஒன்றை ஒரு கை தூரத்திலிருந்து இரண்டு முறை அடித்தேன்.

எப்படி நின்றது

முகூர்த்தம் முடியும்வரை ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஓமப் புகையில் கண்ணீர் வழிந்தது. ஒற்றி எடுத்ததில் கோடு விழவில்லை. 9 மணிக்குப் பார்த்தபோது இடது மூக்கோரத்தில் ஒரே ஒரு செதில். விரல் நுனியில் துளி க்ரீம் வைத்து அழுத்தினேன், படிந்துவிட்டது.

இனி நன்றாக வராதது. 10 மணிக்கு மேல் வெயில் ஏறியதும் நெற்றியும் கன்னமும் பளபளக்க ஆரம்பித்தன. எனக்கும் பெண்ணுக்கும் பிடித்த அந்தப் பளபளப்பு வீடியோக்காரருக்குப் பிடிக்கவில்லை. "மேடம், ஷைன் அடிக்குது, பவுடர் போடுங்க" என்று மூன்று முறை வந்தார். டிஷ்யூவால் ஒற்றினேனே தவிர பவுடர் போடவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டாவது, சாட்டின் ஒட்டும் என்று சொன்னேன் அல்லவா: மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைத் தோளில் ஒரு அரை வட்டக் கறை. ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோது நேர்ந்ததாகச் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு

என் குறிப்பு நோட்டில் "என்ன ஸ்கின்?" என்ற கேள்வியை அடித்துவிட்டேன். இப்போது ட்ரையலுக்கு வருகிறவரை முகம் கழுவி அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டு டிஷ்யூ வைக்கிறேன். கழுவி முடித்ததும் முகம் இழுக்குமா, கல்யாணம் எந்த ஊரில் எந்த மாதத்தில், இரவில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்கிறேன். ரெட்டினால் போடுகிறவர்களிடம் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு. ஃபேஷியலோ பிளீச்சோ செய்வதாக இருந்தால் கடைசி பத்து நாளில் கூடாது. நலங்கு வீட்டுக்காரர்களிடம் மாவுக்கு முன் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள் என்கிறேன். இதில் மட்டும் பாட்டிமார்கள் எப்போதும் என் பக்கம்.

அந்தப் பெண் மாசிக் கடைசியில் தோழி கல்யாணத்துக்காக மறுபடி வந்தாள், சென்னையில். சீரத்தை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எண்ணெய் நீக்கும் ஃபேஸ் வாஷையும் விட்டிருந்தாள். விளையாட்டாக, ஊட்டியில் உரிந்த அதே சிலிக்கான் ப்ரைமரையும் அதே மேட் ஃபவுண்டேஷனையும் எடுத்தேன். அடியில் மட்டும் செராமைடு க்ரீம். ராத்திரி 11 மணிக்கு அனுப்பிய படத்தில் ஒரு செதில் இல்லை. அது சென்னைக் காற்றின் வேலையா, சீரத்தை நிறுத்தியதாலா, க்ரீமா என்று இந்த ஒரு முகத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த தையில் கோத்தகிரியில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ட்ரையலையும் கோத்தகிரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன், பஸ் காசு என் செலவு.